சிறுவர்க்குரிய வரலாற்று நூல்களும் முன்னோடிப் பெண்மணிகளும்

வரலாறு என்பது அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் நெட்டுருச் செய்தலே என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துப் பாடநூல்களிலே பெண்பாலார் இடம்பெறுதல் அரிது. இடம்பெற்றாலும், ஓர் அரசனின் தாயாகவோ தேவியாகவோ ஒரு வரியிலே தோன்றி மறைவர். இந்நிலை இப்போது மாறிவருகின்றது. வைத்தியம், விஞ்ஞானம், அரசியல், வான்செலவு முதலிய துறைகளில் வழிதிறந்த மாதரைப் பற்றிச் சிறுவருக்கென எழுதப்படும் நூல்கள் ஆங்கிலத்திலே பெருகியுள்ளன. 2016ஆம் ஆண்டில் இத்தாலியப் பெண்மணிகள் இருவர், நூறு பெண்களின் வாழ்க்கையை ஆளுக்கொரு பக்கமாக எழுதி ஒரு தொகுதி வெளியிட்டனர். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

இது மகிழ்தற்குரியதே. ஆயினும், நூல் பெருகுதல் ஒன்று. நூல் நன்றாதல் மற்றொன்று. நல்லாரைப் பற்றி எழுதப்பட்டது என்னும் ஒரு காரணம் பற்றியே ஒரு நூல் நல்ல நூலாகிவிடாது. பிள்ளைகளின் கையிற் கொடுக்கும் நூலைப் பெரியோர் முதலில் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு அளவுகோல் தேடி நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும், வேண்டப்படும் அழகுகள் பத்தையும் வகுத்துத் தந்துள்ளார். குற்றங்களுள் முதலிரண்டும் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலுமாம். அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல்.

சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று மாறானவை. சொல்லாற் சுருங்கிப் பொருளால் நிறைவது முன்னையது. பொருளையே வெட்டி எறிந்துவிடுவது பின்னையது. சிறுவர் நூல் சுருங்கியதாயிருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், முன்னோடிப் பெண்மணிகளைப் பற்றிய சிறுவர் நூல்கள் பலவற்றிலே நேர்வது சுருக்கம் அன்று. அவர்தம் வாழ்வு முழுவதையும் ஒரே ஒரு படமாகக் குறைத்துவிட்டு, அக்குறையை மறைக்கப் புகழுரையை மிகுத்துவிடுகின்றனர். ஒரே நூல் இரண்டு குற்றங்களுக்கும் ஒருங்கே ஆளாகின்றது.

விளக்கும் கணக்கும்

புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை அறியாத மாணாக்கர் இலர். அவர் செய்த தொண்டு யாது என ஒருமுறை எமது வகுப்பிலே வினவியபோது, ஏறக்குறைய எல்லோரும் விளக்கேந்திச் சென்றார் என்றே எழுதினர். விளக்கேந்தியது பொய்யன்று. படங்களிலே நாம் காணும் கிண்ணம் போன்ற விளக்கு மாத்திரமே பொய்; அவர் கையிலிருந்தது துருக்கி நாட்டார் வழங்கும் மடிப்புக் கூட்டு விளக்கு. ஆயின், அவருடைய தொண்டு விளக்கோடு முடிந்துவிட்டதோ?

1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அம்மையார் 38 தாதியரோடு ஸ்கூற்றாரி நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார். அங்கே மாண்ட போர்வீரருட் பெரும்பாலோர் காயத்தினால் மாண்டவரல்லர். காய்ச்சல், வயிற்றுளைவு, வாந்திபேதி முதலிய நோய்களால் மாண்டவர். 1855 மார்ச்சு மாதத்தில் வந்த சுகாதார ஆணைக்குழுவினர், கட்டடத்தின் கீழே அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்களைத் துப்புரவு செய்வித்தபின் இறப்புத் தொகை விரைந்து குறைந்தது. இதன் பொருளை அம்மையார் நாடு திரும்பியபின் கணக்கு வழியாக ஆராய்ந்து கண்டார். வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞரின் துணைகொண்டு, மாதந்தோறும் எவ்வெக் காரணத்தால் எத்துணைப் பேர் இறந்தனர் என்பதை வட்டமாக விரியும் வண்ண வரைபடமாக்கி 1858இல் வெளியிட்டார். எண்களைப் படிக்க விரும்பாத அமைச்சரும் அப்படத்தைக் கண்டு உண்மையை உணர வேண்டும் என்பதே அவர் கருத்து. இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினர் என்னும் சிறப்பும் அவருக்குக் கிடைத்தது. 1860இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையும் எழுந்தது.

விளக்கை மாத்திரம் அறிந்த சிறுமி, இரக்கம் இருந்தாற் போதும் என்று எண்ணுவாள். கணக்கையும் அறிந்த சிறுமி, இரக்கம் அறிவோடு கூடியபோதே கழிவுநீர்க் கால் துப்புரவாகும் என்று உணர்வாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதனை நான்கே வாக்கியங்களிற் சொல்லிவிடலாம். ஆதலின் இதனை விட்டுவிடுவதற்கு நூலின் சுருக்கம் காரணமாகாது.

இருக்கையும் இயக்கமும்

மற்றோர் உதாரணம் ஐக்கிய அமெரிக்காவினது. அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரிலே, 1955 டிசம்பர் 1ஆம் நாள், றோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி பஸ் வண்டியில் வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானார். தையல் வேலை செய்து களைத்துப்போன ஒரு மாது, கால்நோவினால் எழாதிருந்தார் என்றே சிறுவர் நூல்கள் பல நெடுங்காலம் கூறிவந்தன. அம்மையாரோ, உடற்களைப்பு அன்று, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துச் சலித்ததே காரணம் எனப் பின்னாளில் விளக்கினார். 1943 முதலே அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்து நகரக் கிளையின் காரியதரிசியாக இருந்தவர். அவ்வாண்டு கோடையிலேதான் தெனசி மாநிலத்துப் பயிற்சிப் பாடசாலை ஒன்றிலே உரிமைப் போராட்டம் பற்றிக் கற்று மீண்டிருந்தார். பன்னீராண்டுகளாகப் பண்பட்ட நிலத்தில் முளைத்த பயிரை, ஒரே மாலையில் முளைத்த காளான் போலக் காட்டுவது வரலாறாகுமா?

இக்குறையை நீக்கியெழுந்த நூல் ஒன்றுண்டு. பிலிப் ஹோஸ் என்பவர் இளைஞருக்கென எழுதி 2009இல் வெளியிட்ட அந்நூலின் பெயரை, "கிளோடெற் கொல்வின்: நீதியை நோக்கி இருமுறை" எனத் தமிழிற் கூறலாம். இளைஞர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூற்பரிசு அவ்வாண்டு அதற்கு வழங்கப்பட்டது. றோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்களின் முன், 1955 மார்ச்சு 2ஆம் நாள், அதே நகரிலே அதே காரணத்துக்காகக் கைதான 15 வயதுப் பாடசாலை மாணவியே கிளோடெற். அவரை முன்னிறுத்திப் போராட நகரத் தலைவர்கள் துணியவில்லை. வயது இளையவர், உணர்ச்சி வசப்படுபவர் என்றனர். பின்னர் அவர் மணமாகாமலே கருவுற்றதும் ஒரு தடையாயிற்று. எனினும், பஸ் வண்டிகளில் இனவேறுபாடு கூடாதென வழக்குத் தொடுத்த நான்கு பெண்களுள் அவரும் ஒருவராகி, 1956 மே மாதத்தில் நீதிமன்றத்திலே சான்று கூறினார். அவ்வழக்கே உயர்நீதிமன்றம் வரை சென்று வென்றது. 381 நாள் நீடித்த பஸ் பகிஷ்கரிப்பும் அதன்பின் முடிவுற்றது. பகிஷ்கரிப்புக்கு அழைக்கும் துண்டுப்பிரசுரங்களை ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டவர் ஜோ ஆன் றொபின்சன் என்னும் ஆசிரியை.

இதனால் றோசா பார்க்ஸ் அம்மையாரின் பெருமை குறைந்ததோ? இல்லை. தனி மரமாக நின்றவர் தோப்பின் நடுவே காட்சியளிக்கின்றார், அவ்வளவே. வழக்குகளில் யார் முன்னிறுத்தப்படுகின்றனர், யார் பின்தள்ளப்படுகின்றனர், அதனை முடிவு செய்வோர் யாவர் என்னும் வினாக்களை அந்நூல் மாணாக்கரின் உள்ளத்தில் எழுப்புகின்றது. பெரியோரும் தவறக்கூடும் என்பதை மறைக்காதிருப்பதே அதன் நேர்மை.

தோற்றவரும் முன்னோடிகளே

முன்னோடி என்றால் முதலிடம் பெற்றவர் என்று பொருள்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. முதல் வைத்தியர், முதல் விமானி, முதல் அமைச்சர் என அடுக்கிக்கொண்டே போகும் நூல்கள் பரீட்சைக்கு உதவலாம். ஆயின், வாயில் ஏன் மூடியிருந்தது, அதனை மூடிவைத்தவர் யார் என்பன அவற்றிலே பெரும்பாலும் இரா.

தான்யா லீ ஸ்ரோன் என்னும் எழுத்தாளர் 2009இல் வெளியிட்ட நூலொன்று இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கியது. விண்வெளி வீரராதற்குத் தகுதி பெற்றும் ஆகவிடப்படாத பதின்மூன்று அமெரிக்கப் பெண் விமானிகளின் வரலாறு அது. சிறுவர்க்குரிய சிறந்த அறிவு நூலுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் சைபர்ட் பதக்கத்தை 2010இல் அது பெற்றது. 1960இல் றன்டொல்ப் லவ்லேஸ் என்னும் வைத்தியர், ஆண் வீரருக்கு நடத்திய உடற்பரிசோதனைகளையே ஜெறி கொப் என்னும் பெண் விமானிக்கும் நடத்தினார், அவர் தேறினார். அவர்பின் வேறு பன்னிருவர் தேறினர். ஒளியும் ஒலியுமற்ற நீர்த்தொட்டியிலே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஜெறி கொப் அமைதியாகக் கிடந்தார். ஆயினும், வேகவிமானச் சோதனை விமானியாக இருந்தவரே விண்வெளிக்குச் செல்லலாம் என்பது விதி. அப்பதவியோ அந்நாளிற் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஒரு கதவைப் பூட்டிவிட்டு, அக்கதவு வழியாக வந்தாலன்றி அடுத்த கதவு திறவாது என்பதற்கு இது ஒப்பாகும்.

1962இல் துணை ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் ஒப்பமிடுவதற்கென, இவ்விதி பற்றி வினவும் கடிதமொன்று வரைந்து வைக்கப்பட்டது. அவர் ஒப்பமிடவில்லை; இதனை இப்போதே நிறுத்துவோம் என்னும் கருத்துப்பட அதன்மேல் எழுதிக் கோப்பிலிடச் செய்தார். அவ்வாண்டு யூலையிற் காங்கிரஸ் குழுவின் விசாரணையும் பயனின்றி முடிந்தது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் சோவியத் நாட்டு வலன்தீனா தெரெஸ்கோவா விண்வெளி சென்றார். அமெரிக்கப் பெண்ணொருவர் செல்ல 1983ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1995இல் ஐலீன் கொலின்ஸ் விண்ணோடத்தைச் செலுத்தும் முதற் பெண்ணாக எழுந்தபோது, அப்பதின்மூவருட் சிலர் அதனை நேரிற் காண வந்திருந்தனர்.

தோல்வியைச் சொல்லும் நூலைச் சிறுவருக்குக் கொடுத்தல் தகுமா எனச் சிலர் ஐயுறுவர். தகும் என்பதே எமது துணிபு. முயன்றால் வெல்லலாம் என்று மாத்திரம் கற்ற மாணவி, தகுதியிருந்தும் ஒருநாள் மறுக்கப்படும்போது குறை தன்னிடமே உள்ளதென எண்ணி ஒடுங்குவாள். விதியே கோணலாக இருக்கக்கூடும் என்று கற்றவளோ, அதனை நிமிர்த்தற்கு வழி தேடுவாள்.

நம் நாட்டு வரலாறு

இனி நம் நாட்டை நோக்குவோம். 1931இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை வந்தது. பெண்களும் வாக்குரிமை பெற்றனர். இதனை ஒரு வரியாகப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். அவ்வரியின் பின்னே நிற்போர் யாவர்? 1927இல் மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. கனடாவிற் பிறந்து, வைத்தியம் கற்று, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, 1896இல் இந்நாட்டுக்கு வந்து இதனையே தம் நாடாக்கிக்கொண்ட மேரி இரத்தினம் அம்மையார் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். அச்சங்கத்தின் காரியதரிசி அக்னெஸ் டி சில்வா. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர் சென்றபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையை விதந்துரைத்தது; இறுதியில் ஆண்களைப் போல 21 வயதே எல்லையாயிற்று. 1932இல் நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வதிவு பற்றிய நிபந்தனைகள் தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ் மக்களிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்தே அகற்றின. அக்குறை படிப்படியாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை சென்றது. அக்னெஸ் டி சில்வா அன்று எப்பெண்களுக்காகப் பேசினாரோ, அவர்களுடைய பேத்தியர் மீண்டும் காத்திருந்தனர். 1931 என்னும் ஓர் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளும் நூல், கொழுந்து கொய்யும் தாயின் மகளுக்கு அவள் குடும்பத்தின் கதையைச் சொல்லாது விடுகின்றது. அவளும் நம் மாணாக்கியன்றோ?

ஆசிரியர் கடன்

நூல் தெரிவு செய்யும் ஆசிரியரும், எழுதப் புகும் இளையோரும் மூன்று வினாக்களைத் தம்முன் வைத்துக்கொள்ளலாம். இப்பெண்மணி என்ன செய்தார் என்பதோடு, எவ்வாறு செய்தார் என்பதும் சொல்லப்பட்டுள்ளதா? அவரைத் தடுத்தது யாது, அவருக்குத் துணைநின்றோர் யாவர் என்பன உள்ளனவா? அவர் வென்றபின்னும் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் குறிக்கப்பட்டுள்ளனரா? மூன்றுக்கும் விடையுள்ள நூல் முப்பது பக்கமேயாயினும் நிறைந்த நூல். ஒன்றுக்கும் விடையில்லாத நூல் முந்நூறு பக்கமாயினும் குன்றிய நூலே.

மிக இளைய பிள்ளைகளுக்கு ஒரு படம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விளக்கையும் இருக்கையையும் காட்டித் தொடங்குவதிற் பிழையில்லை. படம் வாயிலாகலாம், வீடாகலாகாது. தமிழிலே இத்தகைய நூல்களை எழுதுவோர், புகழுரையைக் குறைத்துக் காரணத்தைப் பெருக்குவாராக. தெய்வம் எனப்பட்டவரை வணங்கிவிட்டு விலகிப்போதல் எளிது. நம்மைப் போன்ற ஒருவர், இன்ன தடையை இவ்வாறு கடந்தார் என்று அறிந்த மாணாக்கருக்கோ அவ்வாறு விலகிப்போதல் இயலாது. தாம் என் செய்வது என்னும் வினா அவர்களைத் தொடரும். அவ்வினாவை எழுப்புதற்கே வரலாறு கற்பிக்கப்படுகின்றது.