‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் யார்? நன்றி, மனநிறைவு பற்றி வேதாகமம் பேசுவது

பத்து காவான் – கல்யாணப் பந்தியில் சோறு பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். வாளியோடு வந்து இலைக்கு முன்னால் நின்று “போதுமா?” என்று கேட்பார். சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை நீட்டி “போதும், போதும்” என்ற பிறகுதான் அடுத்த இலைக்கு நகர்வார். அந்தச் சொல் சாப்பிடுகிறவருக்குச் சொந்தமானது. பரிமாறுகிறவரே “உனக்கு இது போதும்” என்று சொல்லிவிட்டால், அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்கள்.

கிறிஸ்தவ வேதாகமத்தில் மனநிறைவைப் பற்றி வரும் பகுதிகளைப் படிக்க இந்தப் பந்தி வழக்கம் நல்ல துணை. இருப்பதை வைத்துத் திருப்தியாக இரு, எல்லாவற்றிலும் நன்றி சொல் என்ற போதனை தேவாலயத்துக்குப் போகாத நம்மவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் தோட்டப்புறத்தில் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இந்தப் போதனை காதில் விழும் விதம் வேறு. இருப்பது போதும் என்ற புத்திமதி நமக்கு எப்போதும் மேலிருந்துதான் வந்திருக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி: வேதாகமம் உண்மையில் யாரிடம், எந்த நிலையில் இதைச் சொல்கிறது?

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் திருப்தியாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். சீர்திருத்தச் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதற்கு வரும் சொல் ‘மனரம்மியம்’. இப்போது பேச்சில் யாரும் பயன்படுத்தாத சொல். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சொல். கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் ‘மனநிறைவு’ என்று இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதே கருத்து ‘போதுமென்கிற மனது’ என்று பச்சைத் தமிழில் வருகிறது.

மூலமான கிரேக்கத்தில் இந்த இரண்டு இடங்களிலும் இருப்பது ‘அவுத்தார்க்கேயா’ என்ற சொல்லும் அதன் உறவுச் சொல்லும். தன்னளவில் போதுமானவனாக இருத்தல் என்பது பொருள். அந்தக் காலத்து ஸ்தோயிக்க தத்துவவாதிகளுக்குப் பிடித்தமான சொல் இது. யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல், எது வந்தாலும் அசையாமல் நிற்பவனே ஞானி என்பது அவர்கள் கொள்கை. பவுல் அவர்களிடமிருந்து சொல்லை எடுத்துக்கொண்டார். பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தம்மைப் பலப்படுத்துகிறவர் ஒருவர் இருப்பதால்தான் இது முடிகிறது என்கிறார். அடுத்த வரிகளிலேயே, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் அனுப்பிய உதவிக்கு நன்றியும் சொல்கிறார். இந்த அதிகாரமே அப்படி ஒரு நன்றிக் கடிதத்தின் கடைசிப் பகுதிதான். எனக்கு எதுவும் வேண்டாம் என்று விறைப்பாக நின்றிருந்தால் அவர் அந்த உதவியைக் கையால் வாங்கியிருக்க மாட்டார்.

இதை எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். வசதியான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவருக்குச் சொன்ன புத்திமதி இல்லை இது. தன் இலைக்கு மேல் தானே கை நீட்டிய ஒருவரின் பேச்சு.

இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இதே பிலிப்பி நகரில் பவுலுக்கு என்ன நடந்தது என்பது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் பிரம்பால் அடித்துச் சிறையில் போட்டார்கள். அன்றிரவு இருவரும் அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில், சத்தமில்லாமல் போய்விடலாம் என்று அதிகாரிகளிடமிருந்து செய்தி வந்தது. பவுல் போகவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் ஊர் பார்க்க அடித்தார்கள். இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். கேட்டுக்கொண்டு அழைத்துப் போனார்கள்.

மனநிறைவைப் பற்றி எந்த ஊருக்கு எழுதினாரோ, அதே ஊரில் தம் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் அவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில், அழைக்கப்பட்ட நிலையிலேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர், அடிமைகளிடம் வந்ததும் விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். (கிரேக்க வாக்கியம் கொஞ்சம் நெருக்கமானது, வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு விடுதலையின் பக்கம்தான்.)

சம்பளம் போதும் என்று இருக்கச் சொல்லும் இடம் ஒன்று வேதாகமத்தில் நேராகவே இருக்கிறது. லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் சொன்னது. சூழலை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்தால் முதலாளிக்கு நல்ல வசதி. ஆனால் யோவானிடம் போய்க் கேட்டவர்கள் மூன்று வகையினர். மக்கள் கேட்டபோது, இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிப்பவர்களிடம், கட்டளையிட்ட அளவுக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். கடைசியாக வந்தவர்கள் போர்ச்சேவகர்கள். யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சம்பளம் போதும் என்று இருங்கள் என்றார். வயலில் கூலி வேலை செய்தவனிடம் அவர் இதைச் சொல்லவில்லை. கையில் ஆயுதமும் பதவியும் இருந்ததால் சம்பளத்துக்கு மேல் அடுத்தவனிடம் பிடுங்க முடிந்தவர்களிடம் சொன்னார்.

தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். பத்து காவான் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாக இருந்தது. பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. தன் ஆட்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலோடு கிடப்பவனை லயத்திலிருந்து எழுப்பி அனுப்புவதில் கங்காணிக்கு இலாபம் இருந்தது. யோவான் ஸ்நானகன் அந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தால், ‘உன் சம்பளம் உனக்குப் போதும்’ என்பதைக் கங்காணியிடமும் கிராணியிடமும் துரையிடமும்தான் முதலில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கூலிக்காரன் பக்கம் வேதாகமம் என்ன சொல்கிறது என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, சூரியன் மறைவதற்கு முன்னே கொடுத்துவிட வேண்டும். அவன் சொந்தச் சகோதரனாக இருந்தாலும் சரி, நாட்டில் தங்கியிருக்கும் அந்நியனாக இருந்தாலும் சரி. இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ‘அந்நியன்’ என்ற சொல்லைப் படிக்கலாம். யாக்கோபு கடிதத்தின் 5ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று 2013இல்தான் வந்தது, 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அந்தத் தொகை உயர வேண்டும் என்று கேட்கிற ஒருவர் நன்றி கெட்டவர் என்று சொல்ல வேதாகமத்தில் இடமில்லை.

இனி நன்றி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார் பவுல். தமிழ் படித்தவர்கள் வேற்றுமை உருபைக் கவனிக்க வேண்டும். ‘எல்லாவற்றிலும்’ என்பது ஏழாம் வேற்றுமை. எந்த நிலைமைக்குள் இருந்தாலும் என்று பொருள். ‘எல்லாவற்றுக்காகவும்’ என்றால் பொருள் மாறிவிடும். பிள்ளைக்கு வந்த நோய்க்கும், கைவிட்டுப் போன வேலைக்கும் நன்றி சொல்ல வேண்டியதாகிவிடும். எபேசியர் கடிதத்தில் அந்த நான்காம் வேற்றுமையும் வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் போதகர்களிடையே ஒரே கருத்து இல்லை. துக்க வீட்டில் சொல்லக்கூடியது முதலாவதுதான் என்பது என் எண்ணம்.

துயரத்துக்குள் நின்று நன்றி சொல்வது எப்படி இருக்கும் என்பதற்கு மார்ட்டின் ரிங்கார்ட் என்ற ஜெர்மன் போதகரின் வாழ்க்கையைக் காட்டுவார்கள். முப்பதாண்டுப் போரின்போது ஐலன்பர்க் என்ற சிறு நகரில் ஊழியம் செய்தவர். 1637இல் அங்கே கொள்ளைநோய் வந்தது. அந்த ஒரு வருடத்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் ஒன்று இவர் எழுதியது. வீட்டில் சாப்பாட்டு வேளையில் பாடுவதற்காக அதை எழுதினார் என்று சொல்லப்படுகிறது. போரையும் நோயையும் அவர் நல்லது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நன்றி சொன்னார்.

‘நன்றி’ என்ற சொல்லே நம்மிடம் நன்மை, உதவி என்ற பொருளில்தான் முதலில் இருந்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். பிறர் செய்த நன்மையை அறிதல் என்று பொருள். அங்கே நன்றி வாயால் சொல்வதற்கு முன், அறிந்து மறக்காமல் வைத்திருக்க வேண்டிய ஒன்று. கத்தோலிக்கர்கள் ‘நற்கருணை’ என்று சொல்லும் வழிபாட்டின் கிரேக்கப் பெயரான ‘யூகரிஸ்தியா’வுக்கும் நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள்.

இந்த நன்றியை வருடம்தோறும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயம். 1846இல் தொடங்கிய வழிபாட்டுத் தலம் இது. மலையடிவாரத்தில் நிற்கும் பழைய கோயில் 1888இல் கட்டப்பட்டது. அவசரகாலத்தில் அந்தப் பகுதி கறுப்புப் பகுதியானபோது பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2019இல் பசிலிக்கா தகுதி பெற்றது. ஜூலை 26ஐ ஒட்டிய திருவிழாவுக்குத் தமிழர், சீனர் என்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்த பெண்களையும் பார்க்கலாம். வேண்டுதலுக்காக வருகிறவர்கள் ஒரு பக்கம். கேட்டது கிடைத்ததற்கு நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் ஒரு பக்கம்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இதோடு பொருந்தும் சம்பவம் ஒன்று இருக்கிறது. குஷ்டரோகிகள் பத்துப் பேர் தூரத்தில் நின்று இயேசுவைக் கூப்பிட்டார்கள். பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். அவன் சமாரியன், யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமூகத்தவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக அங்கே இல்லை. வேண்டுதலுக்கும் நன்றிக்கும் நடுவில் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. நேர்த்திக்கடன் கொடுக்கல் வாங்கலாக நின்றுவிடலாம். திரும்பி வந்தவனுக்கோ வந்தே ஆக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இன்றைய பத்து காவானில் நமக்கு நாமே ‘போதும்’ சொல்ல வேண்டிய இடம் தோட்டத்தில் இல்லை. 2014 மார்ச் 1இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் திறந்தது. தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள், சலுகை விலைக் கடைகள் எல்லாம் வந்துவிட்டன. 2019இல் ஐகியா வந்தது. தவணையில் வாங்கிய நாற்காலிக்கும் கைப்பேசிக்கும் ஓவர்டைம் பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இங்கே பரிமாறுகிறவர் “போதுமா?” என்று கேட்பதே இல்லை, போட்டுக்கொண்டே இருக்கிறார். கை நீட்டித் தடுப்பது நம் வேலை. தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் உணவும் உடையும் போதும் என்று சொல்லும் பகுதி, பணக்காரராக ஆசைப்படுகிறவர்கள் விழும் கண்ணியைப் பற்றி எச்சரிக்கிறது. அதே அதிகாரத்தின் முடிவில், ஏற்கெனவே பணம் உள்ளவர்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பகுதியைப் பிரசங்கத்தில் குறைவாகத்தான் கேட்க முடிகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்திலும் பவுல் ‘அவுத்தார்க்கேயா’வைப் பயன்படுத்துகிறார். அங்கே அது காணிக்கை சேர்ப்பதைப் பற்றிய பேச்சு. உங்களுக்குப் போதுமானது இருந்தால்தான் நற்செயலுக்கு மிஞ்சும் என்கிறார்.

இந்தியாவின் மிசோரம் மாநிலத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெயர் ‘புஹ்ஃபாய் தம்’, கைப்பிடி அரிசி என்று பொருள். 1910 வாக்கில் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கிறார்கள். சபையார் வீடு வீடாக வந்து சேர்த்து, விற்று, ஊழியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது நிற்கவில்லை. சாப்பிட்டு மிஞ்சிய அரிசியைக் கொடுப்பதில்லை. உலையில் போடுவதற்கு முன்பே அந்தப் பிடியை எடுத்துவிடுவார்கள்.