கிளட்ச் மிதித்தும் நகர்ந்த கார்

போன மாதம், ரெண்டு வருஷ வேலைக்குப் பிறகு, என் 1971 எம்ஜிபியின் எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியரைப் போட்டேன். கார் மெதுவாக முன்னால் நகர்ந்தது. பானெட் பக்கத்தில் நின்றிருந்த என் மச்சினன் குதித்து ஒதுங்கி, "அத்தான், மிதிச்சீங்களா இல்லையா?" என்றான். மிதித்துத்தான் இருந்தேன். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் கடித்தது. அந்தக் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்றால் அங்கேதான் முதலில் தெரியும்.

பயம் எதற்கென்றால், இந்தக் காரில் கிளட்ச் தட்டைப் பார்க்க எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். புதுசாகப் பெயிண்ட் அடித்த எஞ்சின் அறை. அதை மறுபடி கலைக்க மனசு வரவில்லை.

எம்ஜிபியில் கிளட்ச் கேபிள் இல்லை, எண்ணெய்தான். பெடல் ஒரு கம்பியைத் தள்ளுகிறது, அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது, எண்ணெய் குழாய் வழியாகப் போய்க் கீழே ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. மாஸ்டரின் விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவ் ஒன்றேகால். பரப்பில் கணக்குப் போட்டால் சுமார் 2.8 மடங்கு. கால் பலம் அத்தனை மடங்கு பெருகும், ஆனால் நகரும் தூரம் அதே அளவுக்குக் குறையும். ஸ்லேவ் கம்பி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நகர வேண்டுமானால் மாஸ்டர் பிஸ்டன் 35 மி.மீ. போக வேண்டும்.

எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஏர் எடுத்தேன். மேலிருந்து ஒரு தடவை, ஸ்லேவ் பக்கமிருந்து ஊசிக்குழாயால் எண்ணெயை மேலே தள்ளி ஒரு தடவை. குமிழே வரவில்லை. ரெண்டு சிலிண்டரையும் புதுசு போட்டேன், ரப்பர் ஹோஸையும் மாற்றினேன். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து உள்சுவரைத் துருப்பிடிக்க வைத்திருந்ததால் அந்தச் செலவு வீண் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார் மறுபடி நகர்ந்தது.

ஒரு துப்பு முதல் நாளே கையில் இருந்தது, நான்தான் கவனிக்கலை. உள்ளே காற்று இருந்தால் பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்ததும் அது இறுகி, கியர் கொஞ்சம் சுலபமாக விழும். எனக்கு எத்தனை தடவை மிதித்தாலும் ஒரே மாதிரி. அப்படியென்றால் குற்றம் எண்ணெயில் இல்லை, இரும்பில்.

மச்சினனை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேலோடு கீழே படுத்து அளந்தேன். ஸ்லேவ் கம்பி 11 மி.மீ.தான் நகர்ந்தது. பிறகு மேலே பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கையாலேயே பெடலை மெல்ல அழுத்திப் பார்த்தேன். பெடல் நகர்கிறது, கம்பி சும்மா இருக்கிறது! ரெண்டையும் இணைக்கிற கிளெவிஸ் பின்னைக் கழற்றினால், நடுவில் பள்ளம் விழுந்து இடுப்பு ஒடுங்கிப்போய் இருந்தது. பெடலில் இருந்த வட்டத் துளை முட்டை வடிவம். எல்லாம் சேர்த்து 4 மி.மீ. ஆட்டம். 2.8-ஆல் வகுத்தால் ஸ்லேவில் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. தொலைந்துபோன கணக்கு சரியாக உதைத்தது அங்கேதான்.

கீழே ஸ்லேவ் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு பின் உண்டு, அதுவும் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் அது இந்தத் தொல்லையைத் தராது. ஸ்லேவுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பிஸ்டனை எப்போதும் லேசாக வெளியே தள்ளி வைப்பதால் அங்கே வரும் தளர்வைத் தானே நிரப்பிக்கொள்ளும். மாஸ்டர் பிஸ்டன் அப்படி இல்லை. காலை எடுத்ததும் ஒவ்வொரு தடவையும் தன் நிறுத்தம் வரை முழுசாகத் திரும்பிப் போய்விடும். அதனால் மேலே உள்ள ஆட்டம் ஒவ்வொரு மிதிக்கும் வீணாகும்.

பெடல் துளையை வெல்டு வைத்து அடைத்து, பழைய அளவுக்குத் துளைபோட்டு வாங்கினேன். புது பின், புது ஃபோர்க் கம்பி. மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அளந்தேன்: பன்னிரண்டரை மி.மீ. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. முதல் கியர் போட்டபோது கார் அசையவே இல்லை. மச்சினன் மட்டும் முன்னெச்சரிக்கையாக வாசல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தான்.