கல்லுக்கு என்ன வயசு?



மயிலாப்பூரில் எங்க பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு சாளக்கிராமம் இருக்கு. கறுப்பா, உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் சுருள் சுருளாகச் சக்கரம். "குளிக்காம தொடாதே" என்பார் பாட்டி. போன மாதம் சார் வகுப்பில் அம்மோனைட் படம் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சுருள்!

அம்மோனைட் என்பது கணவாய் மீனுக்குச் சொந்தம். ஆனால் உடலுக்கு வெளியே ஓடு உண்டு. கடலில் வாழ்ந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது இதுவும் பூண்டோடு அழிந்தது. அதன் ஓடு சேற்றில் புதைந்து, கல்லாகிப் போனதுதான் நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம். அப்படியென்றால் இமயமலை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல்!

சரி, கோடி கோடியாக வயசு சொல்கிறார்களே, எப்படி? கல்லுக்கு என்ன பர்த் சர்டிபிகேட்டா இருக்கு?

நம்ம ஊர்ச் சுவரை நினைச்சுக்கோங்க. பல வருஷமா போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிய சுவர். மேலே கிழிச்சா 'சிவாஜி', அதற்கு அடியில் 'கில்லி', அதற்கும் அடியில் 'படையப்பா'. அடியில் இருப்பதுதான் பழசு. கடலடியில் சேறும் மணலும் படியும்போதும் இதே கதைதான். இதை 1669-லேயே ஸ்டெனோ என்பவர் எழுதிவிட்டார்.

இப்போ தி.நகரில் வேறொரு சுவரில் 'கில்லி' துண்டு ஒன்று கிடைக்குது. இரண்டு சுவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த அடுக்கும் 2004-ஐச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் இல்லையா? இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் இடங்களில் நில அளவை செய்த வில்லியம் ஸ்மித் கண்டுபிடித்தது இதைத்தான். எந்த ஊரில் தோண்டினாலும் புதைபடிவங்கள் ஒரே வரிசையில்தான் வந்தன. அதை வைத்து 1815-இல் நாட்டுக்கே பாறை வரைபடம் போட்டார்.

எல்லாப் போஸ்டரும் உதவாது. 'குழாய் ரிப்பேர்' நோட்டீஸ் எல்லா வருஷமும்தான் ஒட்டுறாங்க! கொஞ்ச காலமே ஓடி, எல்லா ஊரிலும் ஒட்டப்பட்ட படம்தான் காலம் சொல்லும். அதுபோல, குறுகிய காலமே வாழ்ந்து, உலகமெல்லாம் பரவி, ஏராளமாகக் கிடைத்து, பார்த்ததும் அடையாளம் தெரிகிற உயிரினத்துக்கு 'வழிகாட்டிப் புதைபடிவம்' என்று பெயர். அம்மோனைட் அதில் ராஜா. இனத்துக்கு இனம் சுருளும் வரியும் மாறும்.

உலகப் புகழ் பெற்ற அப்படி ஓர் இடம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கு. அரியலூர், பெரம்பலூர், திருச்சிப் பக்கம்! 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தார். ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் காலப் பாறையில் இருப்பவற்றோடு அவை ஒத்துப்போயின. 1846-இல் அறிக்கை வந்தது. பிறகு பிளான்ஃபோர்ட் அந்தப் பகுதி முழுக்க ஆராய்ந்து, 1862-இல் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதியாகப் பிரித்தார். ஸ்டோலிக்ஸ்கா என்ற அறிஞர் அங்குள்ள அம்மோனைட்களை இனம் இனமாக வரைந்து விவரித்தார்.

இங்கே நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "சார், படிவத்தை வச்சுப் பாறைக்கு வயசு, பாறையை வச்சுப் படிவத்துக்கு வயசுன்னா, சுத்திச் சுத்தி அதேதானே?" சார் சிரித்தார். "வரிசை முதல்ல வந்தது, வருஷம் அப்புறம்தான் வந்தது" என்றார்.

எது முன், எது பின் என்பதை மட்டுமே அடுக்கும் படிவமும் சொல்லும். வருஷக் கணக்கு சொல்வது கதிரியக்கம். சில போஸ்டரில் தேதியே அச்சாகி இருக்குமே, அதுபோல அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் கிடைக்கும். அதிலுள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயமாக மாறும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு! இரண்டும் எவ்வளவு இருக்கு என்று அளந்தால் வயசு தெரியும். கீழ்ச் சாம்பல் 9 கோடி, மேல் சாம்பல் 8 கோடி என்றால், நடுவில் உள்ள அம்மோனைட்டுக்கு வயசு இரண்டுக்கும் இடையில். பிறகு உலகில் எங்கே அந்த இனம் கிடைத்தாலும் அதே காலம்தான்.

"கார்பன்-14 போதாதா?" என்று கேட்காதீங்க. அது சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான். நம்ம பரங்கிமலையின் சார்னோகைட் கல்லிலோ புதைபடிவமே இல்லை. பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் உருவானது. கதிரியக்க முறையில் அதன் வயசு சுமார் 250 கோடி.

கடைசியாக என் தப்பையும் சொல்லிடறேன். லீவில் அரியலூர்ப் பக்கம் சித்தி ஊருக்குப் போனபோது நாலு கிளிஞ்சல் கல்லைக் கர்ச்சீப்பில் முடிஞ்சு கொண்டுவந்தேன். பெருமையாகக் காட்டினேன். "எந்த அடுக்குல எடுத்தே?" என்றார் சார். எனக்குத் தெரியலை. "எழுதி வச்சியா?" அதுவும் இல்லை. அவை சாதாரணச் சிப்பித் துண்டுகள். அம்மோனைட் மாதிரி தானே காலம் சொல்லாது. இருந்த இடம்தான் அதன் மேல்விலாசம். அதை நானே அழிச்சிட்டேன். அதனால் நண்பர்களே, எங்கேயாவது பார்த்தால் எடுக்காதீங்க. போட்டோ எடுத்து, இடத்தைக் குறிச்சு, தெரிந்தவர்களிடம் சொல்லுங்க. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. அறிஞர்கள் வந்து பார்த்துத்தான் முட்டை இல்லை, அம்மோனைட் காலத்துக் கடல் படிவு என்று தெரிந்தது.

வீட்டுக்குப் போய், "பாட்டி, இந்தச் சாளக்கிராமத்துக்குச் சுமார் 15 கோடி வயசு!" என்றேன். பாட்டி அசரவே இல்லை.

"பெருமாளுக்கு ஏது வயசு? போய்க் குளிச்சிட்டு வா."