பாரமும் பாதையும்

பெரும் பாரத்தைச் சாலையில் கொண்டு செல்ல வலிமையான இயந்திரம் ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதனினும் கடினமான கணக்கு பாதையில் இருக்கிறது.

வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து கோதண்டராமர் சிலை 2018 டிசம்பரில் பெங்களூருக்குப் புறப்பட்டது. ஒற்றைக்கல், எடை ஏறத்தாழ 350 டன். சுமந்த வண்டிக்கு 240 சக்கரங்கள். வகுத்துப் பார்த்தால், வண்டியின் எடை நீங்கலாக, ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை டன்தான். மூட்டை தூக்கும் என் தந்தை தலையில் சும்மாடு வைப்பதும் இதே தத்துவந்தான்: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

ஆகவே சாலை தாங்கியது. ஆனால் பாலம்? மண்மேல் கிடக்கும் சாலை, ஒவ்வொரு சக்கரத்தையும் அதனதன் இடத்தில் தாங்கிக்கொள்ளும். இரு தூண்களுக்கிடையே நிற்கும் பாலமோ, தன்மேல் ஏறிய சக்கரங்கள் அனைத்தின் பாரத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டும். அதனால் ஓசூர் அருகே தென்பெண்ணையில் தற்காலிக மண்பாதை அமைக்க நேர்ந்தது. அகலம் போதாத ஊர்களில் வீடு, கடைகளின் முகப்புகள் இடிபட்டன. ஒரு நாள் லாரிப் பயணத்துக்கு ஆறு மாதம். 2019 ஜூனில்தான் சிலை சேர்ந்தது.

இன்னோர் இடர் வளைவு. நீண்ட வண்டி திரும்புகையில் பின்பகுதி உட்புறமாக வெட்டிச் செல்லும். எங்கள் சிலமலைக்கு மேற்கே போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரியே அங்கு நிதானித்துத்தான் திரும்பும். அத்தகைய பெருவண்டிக்கு அங்கே வழியில்லை.

சக்கரங்களை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம், நண்பர்களே! பாதையை முன்னரே அளக்காவிட்டால், மிச்சப் பாரத்தைச் சாலையோரத்து ஏழையின் சுவர்தான் சுமக்கும்.