வேலையில் அடிபட்டால் என்ன கிடைக்கும்?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் இருக்கிறது பொம்மசந்திரா. அது பெரிய தொழிற்பேட்டை. மருந்து ஆலைகளும் இரும்புப் பட்டறைகளும் அங்கே உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மக்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள்.

இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஒரு நொடி தவறினால் விரல் போய்விடும். கை போனால் கூலி போகும். கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்போது முதலாளி இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதா? தேவையில்லை. அடிபட்டவருக்குச் சட்டப்படி பணம் உண்டு. அது பிச்சை அல்ல. அது உரிமை.

சட்டம் எப்போது வந்தது?

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-இல் சட்டம் வந்தது. 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் காப்பீடு. இந்த இரண்டு சட்டங்களும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டன. அது 2020-இல் இயற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே வழிகள் இரண்டு. ஒன்று இ.எஸ்.ஐ. மற்றொன்று முதலாளி தரும் இழப்பீடு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. பணம் தரும். அதில் இல்லாதவருக்கு முதலாளி தர வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

இ.எஸ்.ஐ. என்ன தரும்?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017 முதல், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியிடம் பிடிப்பார்கள். முதலாளி நூற்றுக்கு மூன்றே கால் ரூபாய் கட்டுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இ.எஸ்.ஐ. உண்டு. வைத்தியம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிடைக்கும். ஒருவரின் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நாளுக்கு 540 ரூபாய் கிடைக்கும். இதற்கு டாக்டர் தரும் சான்று வேண்டும்.

காயம் ஆறியும் ஊனம் நிலைத்துவிட்டால்? மருத்துவக் குழு சோதித்துப் பார்க்கும். உழைக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று சொல்லும். நூற்றுக்கு முப்பது போயிற்று என்றால் 540 ரூபாயில் முப்பது பங்கு, அதாவது நாளுக்கு 162 ரூபாய். இது ஆயுள் முழுவதும் வரும். தொழிலாளி இறந்துவிட்டால் அவரை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித் தொகை உண்டு.

பொம்மசந்திராவிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை கட்ட 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இ.எஸ்.ஐ. இல்லை என்றால்?

சின்னப் பட்டறை. ஐந்தாறு பேர்தான் வேலை செய்கிறார்கள். இ.எஸ்.ஐ. இல்லை. அங்கே முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். தொகையைச் சம்பளம், வயது, ஊனம் மூன்றையும் பார்த்துக் கணக்கிடுவார்கள்.

ஒருவருக்கு வயது 30. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அவர் ஒரு கட்டை விரலை இழந்தார். சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு 9,000 ரூபாய். முப்பது வயதுக்குச் சட்டம் தரும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு உரிய தொகை. கட்டை விரல் போனால் சட்டப்படி நூற்றுக்கு முப்பது இழப்பு. ஆகவே அவருக்கு 5,61,546 ரூபாய் கிடைக்க வேண்டும்.

இந்தக் கணக்குத் தெரியாதவர் பத்தாயிரம், இருபதாயிரத்துக்குத் தலையாட்டிவிடுவார்.

ஒரு தச்சரின் வழக்கு

ஒடிசா மாநிலத்தில் ஜெய்ப்பூர் என்று ஓர் ஊர். 1968 ஜூலையில் அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். அவருடைய இடது கையை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. ஒரு கைதானே போயிற்று, இது பாதி ஊனம் என்று முதலாளி தரப்பு வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இல் தீர்ப்பு வந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று நீதிமன்றம் சொன்னது. எந்த உறுப்பு போயிற்று என்பதோடு, அவர் தம் தொழிலை இனிச் செய்ய முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு உண்டா?

உண்டு. கான்ட்ராக்டர் கைவிரித்தால் கம்பெனி பொறுப்பு ஏற்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இப்போது சட்டத்தில் இடம் உண்டு. அந்தப் பயணம் வேலைக்கானது என்று காட்ட வேண்டும்.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

1. சூப்பர்வைசரிடம் உடனே சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் நாள், நேரம், காயம் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

2. எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்” என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதே பிறகு சாட்சி ஆகும்.

3. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

4. உடன் வேலை செய்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

“எனக்கு இனி எதுவும் வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது உண்டு. தாள் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருக்கலாம். புரியாத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அப்படிப் போட்டுவிட்டாலும் கலங்க வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

வழக்கு நடத்தப் பணம் இல்லையா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. பொம்மசந்திரா ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. ஆனேக்கல் நீதிமன்றத்தில் உள்ள தாலுகா சட்டப் பணிக் குழுவைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

போன விரல் திரும்பி வராது. ஆனால் அந்த விரல் சம்பாதித்த சோறு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் சட்டம். படித்தவர் படிக்காதவருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து மெஷினில் நிற்பவருக்கும் இது தெரிய வேண்டும்.