கலந்த மூட்டையும் கார் எஃகும்

துவரம் பருப்பும் பாசிப் பருப்பும் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் அந்தச் சரக்கின் கதி என்ன என்பதை வணிகப் பெருமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் நல்ல சரக்குதான்; கலந்த பிறகு இரண்டின் விலையும் கிடைக்காது. பழைய கார் உடைபடும்போது அதன் எஃகுக்கு நேர்வதும் இதுவே.

எஃகில் பல ரகங்கள் உண்டு. இரும்புடன் கரி, மாங்கனீசு, சிலிக்கான், குரோமியம் முதலியவற்றை வெவ்வேறு அளவில் சேர்த்து இவற்றைச் செய்கிறார்கள். ஒரே காரில் கதவுத் தகட்டுக்கு ஒரு ரகம், தூணுக்கு ஒரு ரகம், சட்டத்துக்கு ஒரு ரகம். இதனால் வண்டியின் எடை குறைந்தது. விபத்தில் பாதுகாப்பும் கூடியது. ஆனால் ஆயுள் முடிந்த காரை இயந்திரத்தில் துண்டாக்கும்போது எல்லா ரகமும் ஒன்றாகிவிடுகின்றன. மின்கம்பியின் செம்பும் சேர்ந்துகொள்கிறது.

செம்பு செய்யும் தொல்லை

உருக்கும்போது சிலிக்கான், மாங்கனீசு போன்றவை பெரும்பாலும் கசடாகப் பிரியும். செம்பு, நிக்கல், தகரம் பிரியாமல் எஃகிலேயே தங்கும். கார்க் கதவுத் தகடு 0.06 சதவீதச் செம்பைத்தான், அதாவது டன்னுக்கு 600 கிராம்தான் பொறுக்கும். கட்டடக் கம்பி டன்னுக்கு 4 கிலோ வரை தாங்கும். அளவு மீறினால் எஃகைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே கார் எஃகு பெரும்பாலும் கம்பியாகத்தான் மறுபிறவி எடுக்கிறது. புதுக் காரின் தகட்டுக்கு மறுபடி தாதுவும் நிலக்கரியும் வேண்டும். அவ்வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் இது வெகுவாகக் குறையும்.

ரகத்தைக் குறைக்கும் வழி

2019-இல் சீனாவின் ஷென்யாங் உலோக ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லி ஷியூயான், லூ கே இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு யோசனை சொன்னார்கள். கலவைப் பொருள்களைக் கூட்டுவதற்குப் பதில், உலோகத்தின் உள்ளமைப்பை மாற்றியே வலிமை பெறலாம் என்பது அது. நம் கொல்லர் பட்டறையில் பார்ப்பதுதான்: எஃகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் வளையும், தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும்.

கார்த் தொழிலிலும் இதற்கு முன்னோடி உண்டு. டன்னுக்கு 50 கிராமுக்கு மேற்படாத போரான் சேர்த்த எஃகுத் தகட்டைச் சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, குளிர்ந்த அச்சில் அழுத்தினால் அதன் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. 1984-இல் சுவீடனின் ஸாப் நிறுவனம் இதைக் காரில் பயன்படுத்தியது. அச்சின் ஒரு பகுதியைச் சூடாகவே வைத்தால், ஒரே தூணின் மேற்பாதி கடினமாகவும் கீழ்ப்பாதி மிருதுவாகவும் அமையும். இரண்டு ரகம் செய்யும் வேலையை ஒரே ரகம் செய்துவிடுகிறது.

இதற்கு உலையும் அச்சும் கூடுதல் செலவு வைக்கும். ரகங்களைக் குறைத்தாலும் செம்பு தானாக விலகாது. துண்டாக்கும் முன்பே கம்பிகளைக் கழற்றியாக வேண்டும். எனவே பழைய சரக்கு வண்டியைக் கழிக்கும் அன்பர்கள், மின்கம்பியையும் மோட்டாரையும் தனியே பிரித்து எடுக்கும் இடமாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. செம்புக்குத் தனி விலை உண்டு. எஃகின் தரமும் கெடாது. தரம் பிரித்த சரக்குக்கே மதிப்பு என்பது நம் கடைக்கு மட்டுமல்ல, உலைக்கும் பொருந்தும்.