செம்பிற் களிம்பும் ஏரியலும்

செம்பிற் களிம்பு ஆணவ மலத்திற்கு உவமையாதலைச் சைவசித்தாந்தம் பயின்றோர் அறிவர். சிற்றலையிற் பேசும் அமெச்சூர் வானொலியாளன் அரியாலையில் ஏரியல் நாட்டுவானாயின், அக்களிம்பைத் தன் கூரைக்கு மேலும் காண்பான். தெற்கே கடல்நீரேரி, வைகாசி முதல் வீசும் சோளகம் அதன் உப்பீரத்தை வாரிவந்து உலோகத்திற் பூசிவிடும்.

பழைய ஏரியலை இறக்கியதும் கோல் முழுவதையும் பளபளக்கத் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. அலுமினியத்தின்மேற் படியும் ஒட்சைட்டுப் படை ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திற் சில பங்கு தடிப்பே உடையதாயினும், உள்ளிருக்கும் உலோகத்துக்கு அதுவே கவசம். 14 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் மின்னோட்டம் செம்பின் மேற்புறத்தே ஏறத்தாழ 0.018 மில்லிமீற்றர் ஆழத்துள்ளேயே பெரும்பாலும் செல்லும். ஆதலின் மேற்புறம் மங்கினால் ஓட்டம் தடைப்படுமென்று கருதுவோர் உளர். அஃது அன்று, ஒட்சைட்டு மின்கடத்தாதாதலின், ஓட்டம் அதன் கீழுள்ள உலோகத்தின் வழியே செல்லும். இழப்பு மிகச் சிறிது.

நோய் இருப்பது மூட்டுக்களில். குழாயினுட் குழாய் செருகிய இடத்திலும், ஊட்டுவடம் திருகாணியாற் பிணைக்கப்பட்ட இடத்திலும் அம்மெல்லிய படையே இரு உலோகங்களுக்கிடையிற் சுவராய் நிற்கும். மூட்டுச் சூடேறும், வலு வீணாகும். சிலவேளை அது சீராக்கிபோல் நடந்து அயல்வீட்டு வானொலியிற் கரகரப்பை எழுப்பி, அயலவரின் கோபத்தையும் சம்பாதித்துத் தரும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு அமெச்சூர் வானொலியாளரே சிற்றலை வழியாகத் தொடர்பு ஏற்படுத்தினர். அத்தகைய நாளில் ஒரு மூட்டுப் பழுதாயிருத்தல் சிறு குறையன்று.

ஆகவே மூட்டைக் கழற்றி, முதலில் நன்னீராற் கழுவி உப்பைப் போக்குக. அலுமினியம் காற்றுப்பட்ட கணமே மீண்டும் படை கொள்ளும். ஆதலால், மூட்டுக்களுக்கென விற்கப்படும் பசையை முதலிற் பூசி, அப்பசையினூடாகவே மெல்லிய மணற்கடதாசியால் தேய்த்து, உடனே பூட்டுதல் நன்று. செம்புக் கம்பிக்கு வீட்டுப் புளி போதும். குத்துவிளக்குத் துலக்கும் கை அதையும் துலக்கும். புளிப்பு எஞ்சாவாறு கழுவுதல் வேண்டும். சாம்பலை மட்டும் அலுமினியத்துக்குக் காட்டற்க. அதன் காரம் உலோகத்தையே தின்னும். செம்பையும் அலுமினியத்தையும் நேரே பிணைத்தலும் ஆகாது. உப்பீரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இடையே துருப்பிடியா எஃகு வளையம் இடுக.

ஊட்டுவடத்தின் பின்னலுள் நீர் புகுந்து கறுத்திருப்பின் துலக்குதலாற் பயனில்லை. கறுத்த பாகம் முடியுமட்டும் வெட்டி எறிதல் வேண்டும். வடத்தின் விலையை எண்ணித் தயங்குவோர் அடுத்த மாரியில் முழு வடத்தையும் இழப்பர்.

இவ்வேலைக்குச் சோளகம் தொடங்குமுன் பங்குனி, சித்திரை நாட்களே ஏற்றவை. ஏணி சாய்க்குமுன் அயலில் மின்கம்பி செல்கின்றதா என்று பார்த்துக்கொள்க.